ஆட்டம் நிக்கலீங்க

ஏனுங் தம்பி, அந்தப் பையை மேல வெக்காதீங்க. இப்படி என்ற மடியிலயே குடுத்துருங்க. கோவிச்சுக்காதீங்க, உள்ள இருக்கறது கண்ணாடிச் சாமான். பஸ்ஸு ஒரு குழியில எறங்கி ஏறுனா எனக்கு ஈரக்கொலையே ஆடுது. காந்திபுரந்தானுங்களா நீங்களும்? நல்லதாப் போச்சு, உக்காருங்க.

கழுத்துல அட்டை மாட்டியிருக்கறீங்க, கம்ப்யூட்டர் வேலைங்களா? நெனைச்சேன். அப்ப ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. இந்த கிராபிக்ஸ் கார்டு இருக்குதுங்களே, அதுல மெமரி பன்னெண்டு இருக்கறதுக்கும் பதினாறு இருக்கறதுக்கும் அவ்வளவு வித்தியாசமுங்களா? ஆட்டம் நின்னுருமுங்களா? சிரிக்காதீங்க. பல்லடத்துல மாவு மில்லு வெச்சிருக்கற பொம்பளைக்கு இந்தக் கேள்வி எதுக்குன்னுதானே பாக்கறீங்க? எல்லாம் தலையெழுத்துங்க.

அட, உங்க மூக்குக்கண்ணாடியப் பாருங்க, தூசி அப்பிக் கெடக்குது. குடுங்க இப்படி. அழுக்கைக் கண்டா என்ற கை சும்மா இருக்காதுங்க. மில்லுக்காரி புத்தி. இந்தாங்க, முந்தானையில நல்லாத் தொடச்சுட்டேன், போட்டுக்கங்க. என்ன, முன்னைக்கு மங்கலா இருக்குதா? விடியால வெளக்கு ஏத்துன கை, அந்தப் பிசுபிசுப்பா இருக்கும். வெள்ளிக்கெழம இல்லீங்களா. ஓ, நீங்களே ஒரு துணி வெச்சிருக்கறீங்களா? சரி சரி, தொடச்சுக்கங்க.

என்ற மக தாரிகா. ஒரே புள்ள. ஏரோப்ளேன் ஓட்டப் படிக்கறா. ஆமாங், மெய்யாலுந்தான். எங்க சாதி சனத்துல பொம்பளப் புள்ள ஸ்கூட்டி ஓட்டுனாலே வாயப் பொளக்கறவங்க. இவ வடக்க போயி, தனியாவே ப்ளேன் எடுத்து ஒரு சுத்து சுத்தி எறக்கீட்டா. போட்டோ இருக்குது, காட்டறேன் பொறகு. அன்னிக்கு எங்க வூட்டுக்காரரு காசுப் பொட்டியப் பூட்டிப்போட்டு, வந்த சனத்துக்கெல்லாம் சும்மாவே மாவு அரைச்சுக் குடுத்தாரு. அவரு பேசவே மாட்டாருங்க. சந்தோசம் வந்தாலும் அப்படித்தான், வெசனம் வந்தாலும் அப்படித்தான், மோட்டார் கிட்டப் போயி நின்னுக்குவாரு.

அப்பறமுங்க, மேகத்துக்குள்ள ஓட்டற பாடம் வந்துச்சு. மேகத்துக்குள்ள போயிட்டா வெளிய ஒண்ணும் தெரியாதாம். நாம நேரா போறமா, சாஞ்சு போறமான்னு ஒடம்பு பொய் சொல்லுமாம். முன்னால இருக்கற மீட்டர் முள்ளை மட்டும் நம்பி ஓட்டோணும். இவளுக்கு அதுல தடுமாறிப் போச்சு. சொல்லிக் குடுக்கற வாத்தியாரு நல்ல மனுசன். "இது எல்லாத்துக்கும் வர்றதும்மா, ஊருக்குப் போயி வூட்லயே நல்லா பழகிட்டு வா, ஒரு தேர்வு வெக்கறேன், அதுல தேறுனா மேல போகலாம்"னு அனுப்பி உட்டாரு. வூட்ல எப்படிப் பழகறது? அதுக்குத்தானுங்க பையில இருக்கற இந்தச் சாமான், ஹெட்செட்டுன்னு பேரு. தலையில மாட்டிக்கிட்டா ப்ளேனுக்குள்ளயே உக்காந்திருக்கற மாதிரி இருக்குமாம். திரும்பிப் பாத்தா றெக்கை தெரியுமாம், குனிஞ்சு பாத்தா முள்ளு தெரியுமாம். 

சும்மா மாட்டிக்கிட்டா ஆகாதுங்களே, அதை இழுக்கறதுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணுமே. நாங்க பொட்டுப் பொட்டாப் பொறுக்குனோம் தம்பி. காந்திபுரத்துல ஜெரால்டுன்னு ஒருத்தரு, கம்ப்யூட்டர் கட்டிக் குடுக்கறவரு. அவரும் தாரிகாவும் பேசுவாங்க, நான் பக்கத்துல உக்காந்து கேப்பேன். மொதல்ல ஒண்ணும் புரியலீங்க. அப்பறம் புரிஞ்சு போச்சு, எல்லாம் மில்லு கணக்குதான். கிராபிக்ஸ் கார்டுதான் கல்லு. ப்ராசஸர் தானியத்தைத் தள்ளி உடற ஆளு. ராம் வந்து தானியம் கொட்டற தொட்டி. பவர் சப்ளை நம்ம மோட்டார். கல்லைப் பெருசா மாட்டிப்போட்டு மோட்டாரைச் சின்னதா வெச்சா பெல்ட்டு கத்தும். இதையே நான் சொன்னதுக்கு ஜெரால்டு, "அக்கா, நீங்க கடையில வந்து உக்காந்துருங்க"ன்னாரு. எனக்குப் பெருமை தாங்கல.

ரெண்டு கண்ணுக்கும் ரெண்டு படம் தனித்தனியா வரையோணுமாம், அதனால கார்டு பெருசா இருக்கோணும்னாரு. இந்த ப்ளேன் வெளையாட்டுக்கு ப்ராசஸரும் வேகமா வேணும்னு தாரிகா சொன்னா. எல்லாம் பாத்துப் பாத்து வாங்கி, ஒரு வியாழக்கெழம மாடி ரூமுல கொண்டாந்து மாட்டுனோம். அன்னிக்கு அவ ஓட்டுனதப் பாக்கோணுமே. சேருல உக்காந்த வாக்குல அப்படித் திரும்பறா, இப்படித் திரும்பறா, "அம்மா, மேகத்துக்குள்ள போயிட்டேன், அம்மா, ஒண்ணுமே தெரியல, ஆனா நேரா போறேன்"ங்கறா. எறக்கியும் போட்டா. "வெண்ணெயா எறங்குச்சும்மா"ன்னு கட்டிப் புடிச்சுக்கிட்டா. நான் அழுதுட்டேனுங்க.

அடுத்த நாளே புடிச்சுதுங்க ஏழரைச் சனி.

கண்ணுல மாட்டிக்கிட்டு உக்காந்தா, "அம்மா, ஆடுதும்மா"ங்கறா. தலையத் திருப்புனா ஜன்னல் பொறத்தால இழுத்துக்கிட்டு வருதாம். சும்மா உக்காந்திருக்கறப்பவே ஓடுதளம் நழுவிப் போகுதாம். டிவிப் பொட்டி மாதிரி இருக்குதே, அதுல பாத்தா நல்லாத்தான் ஓடுது. தலையில மாட்டுனாத்தான் ஆட்டம். கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு ஓடிப் போயி வாந்தி எடுத்தா. வெளிச்சம் பத்தலைன்னு வேற அதுக்குள்ள எழுத்து வருதாம். ரூமுல புதுசா டியூப் லைட்டு போட்டோம். கல்யாண மண்டபம் மாதிரி இருக்குது இப்ப அந்த ரூமு. அப்பவும் பத்தலீங்கறது.

ஜெரால்டைக் கூப்புட்டோம். ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சு வந்தாரு. அவரு ரொம்பச் சுத்தக்காரருங்க. வந்ததும் ஒரு மருந்தை அடிச்சு மேலயும் கீழயும் எல்லாத்தையும் தொடைப்பாரு. "மில்லு மாவு பறக்குதுக்கா, அதான் தொடைச்சுட்டே இருக்கோணும்"னாரு. அப்பறம் கார்டு பத்தாதுன்னு பெரிய கார்டு மாட்டுனாரு. சரியாப் போச்சு! திங்கள் ஓட்டுனா, செவ்வாய் ஓட்டுனா, புதன், வியாழன், அப்படி ஓட்டறா. அப்பறம் வெள்ளிக்கெழம மறுபடி ஆட்டம்.

மறுபடி ஜெரால்டு. மறுபடி மருந்தடிச்சுத் தொடைச்சாரு. இந்த வாட்டி ப்ராசஸரும் அது உக்கார்ற பலகையும் மாத்துனாரு. மறுபடி சரி. மறுபடி வெள்ளிக்கெழம ஆட்டம். நான் கண்டுபுடிச்சுட்டேனுங்க. "தாரி, வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வருது பாரு"ன்னு சொன்னேன். "கம்ப்யூட்டருக்கு என்னம்மா கெழமை தெரியும்"னு சள்ளுன்னு உழுந்தா. படிச்ச புள்ளைக இதை ஒத்துக்காதுங்க. எனக்குத் தெரியும் அது என்னன்னு.

எங்க தெருவுல பாப்பாத்தியக்கான்னு ஒருத்தி. வெள்ளிக்கெழம தவறாம மாவரைக்க வருவா. வந்தவ அரைச்சுக்கிட்டுப் போக மாட்டாளா? மாடிக்கு ஏறி வந்து, "ஏம்புள்ள, வூட்டுக்குள்ளயே ஏரோப்ளேன் வந்துருச்சாமே"ன்னு வாசப்படியில நின்னு பாப்பா. கல்லும் ஒடையற கண்ணு. மூணாவது வெள்ளிக்கெழம நான் சொல்லிப்போட்டேன், இனி எங்க வாசப்படி மிதிக்காதேன்னு. அவ மூஞ்சி செத்துப் போச்சு. போகட்டும், எனக்கு என்ற புள்ளதானுங்களே முக்கியம்.

சும்மா இருப்பனுங்களா நான்? மில்லு மோட்டாருக்கு வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நான் பொட்டு வெச்சுத்தான் சுவிச்சு போடுவேன். எங்க வூட்ல பிரிட்ஜு, மிக்சி, சிலிண்டரு, எதுக்கும் பொட்டு இல்லாம இருக்காது. அப்ப என்ற புள்ள மூஞ்சியில மாட்டற சாமானுக்கு வெக்காம இருப்பனா? வாங்குன மறுநாளே வெச்சாச்சு. புதுத்துணிக்கு நாலு மூலையிலயும் மஞ்சள் வெக்கறமில்லீங்களா, அதே மாதிரி நாலு மூலையிலயும். அதுக்குன்னே எடம் உட்டிருக்கறான் பாருங்க, நாலு மூலையிலயும் கறுப்பா, பளபளன்னு, சின்னச் சின்ன வட்டம். சாமியே காட்டிக் குடுத்த மாதிரி. வெறுங் குங்குமம் ப்ளாஸ்டிக்குல நிக்காது. நல்லெண்ணெய் ஒரு சொட்டு உட்டுக் கொழைச்சு வெச்சா கப்புன்னு புடிச்சுக்கும். மோட்டாருக்கும் அப்படித்தானுங்க வெப்பேன்.

தாரிகாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா கத்துவா, "எலக்ட்ரானிக்ஸ்மா அது"ன்னு. அதனால விடியக்கால அவ ரோட்டுல ஓடப் போறப்ப வெச்சு, ஒரு சூடத்தைக் காட்டி, அவ திரும்பி வர்றதுக்குள்ள முந்தானையில நல்லா அழுத்தித் தொடைச்சு வெச்சிருவேன். சாமிக்குத் தெரிஞ்சாப் போதாதா? "வெளிப்பக்கம் தொடைக்கறது என்ற வேலை, நீ கண்ணு வெக்கற பக்கத்தை மட்டும் பாத்துக்கோ"ன்னு அவகிட்டயும் சொல்லிட்டேன். "தேங்க்ஸ்மா"ன்னு சொல்லுவா. அந்த ஒரு வேலையாவது அவளுக்காக நான் செய்யறனேன்னு ஒரு நிம்மதிங்க.

மூணாவது வாட்டி ஜெரால்டால வர முடியல. ராமையும் பவர் சப்ளையையும் பார்சல்ல அனுப்பி உட்டாரு, தாரிகாவே மாட்டுனா. இந்த வாட்டி ஒரு நாள் கூட சரியாகலீங்க. ஆட்டம், ஆட்டம், எந்நேரமும் ஆட்டம். நான் பயந்து போயி வெள்ளிக்கெழமயோட செவ்வாக்கெழமயும் சேத்துப் பொட்டு வெச்சேன். இன்னும் மோசமாப் போச்சு. 

அப்பத்தான் அந்தப் புள்ள சொல்லுச்சு. ராத்திரி சோறு போட்டு வெச்சிருக்கறேன், தொடவே இல்லை. "அம்மா, எல்லாத்தையும் மாத்தியாச்சு. மாத்தாத பொருள் இனி நான் ஒருத்திதான். கோளாறு கம்ப்யூட்டர்ல இல்லம்மா, என்ற காதுக்குள்ள இருக்குது. எனக்கு நேரா எது, சாஞ்சது எதுன்னே தெரியல. அங்க ப்ளேன்லயும் அதேதான். நான் மேல போனா ஒரு நாள் நாலு பேரைக் கொன்னுபோட்டுத்தாம்மா எறங்குவேன்"ங்கறா. காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். காது சுத்தமா இருக்குதுன்னாரு. "டாக்டருக்கு அது தெரியாதும்மா"ங்கறா. கண்ணாடி முன்னால ஒத்தக்கால்ல நின்னு பாக்கறா தம்பி. உழுகறாளான்னு பாக்கறா. பெத்த வயிறு எப்படிங்க தாங்கும்? ஆறு வயசுல மொட்டை மாடிச் செவுத்து மேல கையை விரிச்சுக்கிட்டு நடந்த புள்ளைங்க அது.

திங்கக்கெழம தேர்வு. வர்றாளா இல்லையான்னு இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள பள்ளிக்கூடத்துக்கு எழுதோணும். வரலைன்னா பேரை எடுத்துருவாங்க. "வரலைன்னு எழுதப் போறேன்"னு ஒரே புடியா நின்னா. நான் அவ காலைப் புடிக்காத கொறைதான். "சாயந்தரம் வரைக்கும் பொறு சாமி. ஒரே ஒரு கார்டு மாத்திப் பாத்தர்றேன். அந்தப் பதினாறு இருக்கறதை வாங்கியாந்தர்றேன்"னு கெஞ்சுனேன். ஜெரால்டும் போன்ல, "கார்டையும் அந்த ஹெட்செட்டையும் எடுத்துட்டு வாங்கக்கா, கடையிலயே மாட்டிப் பாத்தர்றேன்"னாரு. 

என்ன அதிசயம்னா, இன்னிக்கு விடிஞ்சதும் அவளே கார்டைக் கழட்டி, பேப்பர் சுத்தி, டப்பாவுல போட்டு, "பத்திரமாப் போயிட்டு வாம்மா, அவசரமே இல்லை, மத்தியானம் அங்கயே சாப்புட்டுட்டு மெதுவா வா"ன்னு சிரிச்ச மூஞ்சியா அனுப்பி வெச்சா. எத்தனை நாளாச்சுங்க அவ சிரிச்சு! எனக்கு அப்பவே உசுரு வந்துருச்சு. மனசு மாறிட்டான்னு தெரிஞ்சுபோச்சு.

சூலூரு வந்துருச்சா? எதுக்கு நிறுத்திட்டான்? முன்னால ஏதோ லாரி மடக்கி நிக்குது போல. நல்ல நேரத்துல வந்து நிக்கறான் பாருங்க.

என்னங் தம்பி? பாக்கோணுமா? பாருங்க, பாருங்க, கம்ப்யூட்டர் படிச்ச ஆளு. மெதுவா எடுங்க. துண்டுல சுத்தியிருக்கறேன். அது ஒண்ணுமில்லீங்க, அந்தச் செவப்பு, இன்னிக்கு வெச்ச பொட்டு. வெளியூர் போற சாமானாச்சே, தொடைக்காம அப்படியே கொண்டாந்துட்டேன். அழகா இருக்குதில்லீங்களா, நாலு மூலையிலயும்? 

ஏன் இப்படிப் பாக்கறீங்க என்னைய?

பட்டனை அமுக்குனா எரியுதா? பேட்டரி உள்ளயே இருக்குதா? சரி. போட்டா வெளிய இருக்கறதும் அதுக்குள்ள தெரியுமா? நான் போட்டுப் பாக்கறதா? நான் ஒரு நாளும் போட்டதில்லீங்க, கொண்டை கலைஞ்சுரும்னு. சனம் பாக்குது. சரி, குடுங்க. எங்க மாட்டறது, இப்படியா? ம்... 

என்னங்க இது, ஒரே மாவாப் பறக்குது? மில்லுக்குள்ள நிக்கற மாதிரி இருக்குது. அது என்ன, உங்க மூஞ்சியா? கறுப்பா ஒரு நெழலு ஆடுது, அவ்வளவுதான். இதுக்குள்ள ஏதோ புகை புடிச்சுக்கிச்சு, ஜெரால்டுகிட்டச் சொல்லோணும். என்ன பண்றீங்க? உங்க துணியில தொடைக்கறீங்களா? எதுக்கு வாயில ஊதறீங்க? பொட்டை அழிக்காதீங்க தம்பி, வெள்ளிக்கெழம அதுவுமா...

அய்யோ.

தெரியுது. கண்டக்டரு தெரியறாரு. சட்டைப் பித்தான் தெரியுது. அந்தம்மா மடியில இருக்கற பூவு தெரியுது. என்ற கை தெரியுது. வெரல் நுனியில குங்குமம் தெரியுது.

இல்ல தம்பி, இருங்க, கழட்டீட்டுக் கேக்கறேன். என்ன சொன்னீங்க? இந்த நாலு வட்டமும் அதோட கண்ணா? தலை எந்தப் பக்கம் திரும்புதுன்னு இந்த நாலும் பாத்துத்தான் சொல்லுமா? எண்ணெய்ப் படலம் இருந்தா அதுக்குத் தெரியாதா? தெரியாம அது நேரா இருக்கறதைச் சாஞ்சதுன்னு காட்டுமா? அப்ப கார்டு? ப்ராசஸர்? மோட்டாரு? ஒண்ணும் கெடலையா? மொதல் வியாழக்கெழம வாங்குனது மொதக்கொண்டு எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சா? ஜெரால்டு மருந்தடிச்சுத் தொடைச்சதுலயே சரியாச்சா? 

நான் தொடைச்சு வெச்சனேங்க. "தேங்க்ஸ்மா"ன்னு சொன்னாளேங்க. பாப்பாத்தியக்காளை வேற நாக்குல நரம்பில்லாமப் பேசிப்போட்டேன். என்ற புள்ள வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடக்கறா, நான் கீழ உக்காந்து அடுத்த வெள்ளிக்கெழமைக்குக் குங்குமம் கொழைச்சுக்கிட்டு இருந்திருக்கறேன். அடக் கடவுளே. என்ற கையில கொள்ளி வெக்க.

போனு, போனு எங்க? நீங்களே போட்டுக் குடுங்க தம்பி, எனக்கு எழுத்தே தெரியல. தாரின்னு இருக்கும். அடிக்குதா?

ஹலோ, தாரி, சாமி, கேளு, ஒண்ணும் பேசாதே, கேளு. உன்ற காதுல ஒண்ணும் இல்ல. ஆமா. கார்டும் இல்ல. நான், நாந்தான் அந்த நாலு மூலையிலயும்... அழுகல, நான் அழுகல. பொட்டு வெச்சேன். எண்ணெய்ல கொழைச்சு. வாரா வாரம். நீ ஓடப் போறப்ப. இங்க ஒரு தம்பி தொடைச்சுக் குடுத்தாரு, பளிங்கு மாதிரி தெரியுது. நீ அந்தக் கடுதாசி மட்டும் அனுப்பிராதே, நான் இப்பவே எறங்கித் திரும்பி...

என்ன?

எப்ப?

நேத்து ராத்திரியேவா?

அனுப்பீட்டாளாமுங்க தம்பி. நேத்தே அனுப்பீட்டாளாம். பின்ன எதுக்குடி விடியால சிரிச்ச? எதுக்குக் கார்டைக் கழட்டிப் பேப்பர் சுத்திக் குடுத்து என்னைய பஸ் ஏத்தி உட்ட? ...எனக்கு மனசு ஆறட்டும்னா? நான் முயற்சி பண்ணிப் பாத்தேன்னு எனக்கு இருக்கட்டும்னா? ஏஞ்சாமி, நீ எனக்கு ஆறுதல் சொல்லவாடி உன்னைய நான் பெத்தேன்?

இல்ல, வெக்காதே. போனை வெக்காதே தாரி. மறுபடி எழுது. அஞ்சு மணி ஆகலையே இன்னும்? எழுது. என்னன்னு எழுதறதா? உள்ளதை எழுது. எங்கம்மா பொட்டு வெச்சுட்டா, அதான் தலை சுத்துச்சுன்னு எழுது. சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறாங்க. என்ற பேரைப் போட்டே எழுது, மாவு மில்லு சரசாத்தா, பல்லடம்னு. வாத்தியாரு நல்ல மனுசன்னு நீதானே சொன்ன? நான் வேணும்னாலும் பேசறேன், எனக்கு இந்தி தெரியாட்டியும் பேசறேன். எழுதுவயா? தாரி? எழுதுவயா, சொல்லு.

தம்பி, நீங்க கொஞ்சம் காதுல வெச்சுக் கேளுங்க. சிரிக்கறாளா, அழுகறாளா, எனக்கு வெளங்கல. நீங்க சொல்லுங்க அவகிட்ட. நான் சொன்னா நம்பறாளோ இல்லையோ, நீங்க படிச்சவரு. அவ காது நல்லா இருக்குதுன்னு சொல்லுங்க. அவ நேராத்தான் ஓட்டுனாள்னு சொல்லுங்க.

சொன்னீங்களா? என்ன சொல்றா? ...அந்த ஹெட்செட்டைக் கொண்டாரச் சொல்றாளா? அவ்வளவுதான் சொன்னாளா? எழுதறேன்னு சொல்லலையா? சரி. சரி, கொண்டாரச் சொன்னாளே, அது போதும்.

கண்டக்டரே, கதவைத் தொறங்க, நான் எறங்கிக்கறேன். பரவால்லீங்க, இங்கயே எறங்கி எதுத்தாப்புல பல்லடம் பஸ்ஸைப் புடிச்சுக்கறேன். அந்தக் கார்டு டப்பாவ பையில போட்டுருங்க தம்பி. 

ஹெட்செட்டை நீங்களே சுத்துங்க. அந்தத் துண்டு வேண்டாம், அதுவும் என்ற வூட்டுத் துண்டு. உங்க துணியைக் குடுத்துட்டுப் போறீங்களா? பெரிய மனசுங்க உங்களுக்கு. மூடிக் கட்டி, பைக்குள்ள வெச்சு, பையோட குடுங்க. என்ற கை அது மேல பட வேண்டாம்.